ரிசப்ஷன் மேசையிலிருந்து சர்வர் வரை: வடசென்னையில் மருத்துவத் தரவுக் கட்டமைப்பை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவ மென்பொருள் செய்யும் சிறு நிறுவனங்களில் முதல் கூட்டம் பெரும்பாலும் எந்த கிளவுட், எந்த டேட்டாபேஸ் என்ற பேச்சோடுதான் தொடங்கும். வடசென்னையில் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ராயபுரத்து லேபில் வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், தண்டையார்பேட்டை கிளினிக்கில் எழுதிய மருந்துச் சீட்டு, பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லி மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, இந்த மூன்றும் ஒரே ஆளுடையவைதானா? அதில் இருக்கும் எண் எந்த அலகில் உள்ளது? ரத்தம் எடுத்தது வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? இவற்றுக்கு உறுதியான பதில் இல்லாமல் எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் டாக்டர் அந்தத் திரையை நம்ப மாட்டார். நம்பவும் கூடாது.

நான் பார்த்தவரை, தரவுக் கோளாறுகளில் பெரும்பகுதி ரிசப்ஷன் மேசையிலும் பரிசோதனை இயந்திரத்தின் பக்கத்திலும்தான் பிறக்கிறது. சர்வரில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியும் அந்த மேசையிலிருந்தே தொடங்குகிறது. சிறு லேப், கிளினிக், 30 முதல் 50 படுக்கை உள்ள நர்சிங் ஹோம் ஆகியவற்றுக்கு மென்பொருள் தரும் குழுக்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் படி: தரவு போகும் பாதையை நேரில் பாருங்கள்

நிரல் எழுத உட்காரும் முன், நீங்கள் சேவை தரப்போகும் இடத்தில் சில நாட்களாவது உட்காருங்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரும் கூட்டத்தையும், மாலை ஓ.பி. கூட்டத்தையும் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒரு நோயாளியின் பெயர் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று எண்ணுங்கள். டோக்கன், நீள ரிஜிஸ்டர் நோட்டு, சாம்பிள் குப்பி, இயந்திரத்தின் திரை, பில், ரிப்போர்ட், காப்பீட்டுப் படிவம் என்று போகும். ஒவ்வொரு முறை திரும்ப எழுதும்போதும் ஒரு பிழைக்கு வாய்ப்பு.

லேபுக்கும் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே இன்று ஓடிக்கொண்டிருக்கும் உண்மையான தரவு வலைப்பின்னல் வாட்ஸ்அப்பில் போகும் பி.டி.எஃப்.தான். அதை எடுத்தவுடன் தடை செய்தால் யாரும் உங்கள் மென்பொருளைத் தொட மாட்டார்கள். அதே ரிப்போர்ட்டை உங்கள் அமைப்பிலிருந்து பாதுகாப்பான இணைப்பாக அனுப்ப வழி செய்யுங்கள். பழக்கம் தானாக மாறும்.

இடத்தையும் கவனியுங்கள். சர்வர் எங்கே நிற்கிறது? பல இடங்களில் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி போன்ற பகுதிகளில் தண்ணீர் நின்றதும் கரண்டும் செல்போன் சிக்னலும் போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாடியில் ஓர் அலமாரி கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரமாக இருந்தால் உப்புக் காற்று கேபிள் முனைகளையும் போர்ட்டுகளையும் அரிக்கும். மாற்றுக் கேபிள் எப்போதும் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஆள் யார் என்பதை உறுதி செய்யுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பின்னால் திருத்தலாம். இருவருடைய பதிவு ஒன்றாகக் கலந்துவிட்டால் ஒருவருடைய மருந்து ஒவ்வாமை இன்னொருவர் திரையில் வரும். உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

பெயரிலிருந்து தொடங்குவோம். வெளிநாட்டு மென்பொருளைப் பார்த்து முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள் வைத்தால், ரிசப்ஷனில் இருப்பவர் இரண்டாவது கட்டத்தில் இனிஷியலையோ ஒரு புள்ளியையோ போட்டுவிடுவார். நம் ஊரில் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறும். ஆகவே பெயரை முழுதாக ஒரே கட்டத்தில் வாங்குங்கள். இனிஷியலைத் தனியாக வையுங்கள். அப்பா, அம்மா, கணவர் பெயரை உறவு முறையோடு வேறு கட்டத்தில் வையுங்கள். பெயர் மாறினால் பழையதை அழிக்காமல் தேதியோடு வரலாறாக வைத்திருங்கள்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு லேபில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி இருக்கும். 'ழ' ஒன்றே போதும், மூன்று விதமாக எழுத. மண்ணடியில் உருது, அரபுப் பெயர்கள், சௌகார்பேட்டையில் குஜராத்தி, மார்வாடிப் பெயர்கள், ராயபுரம் பக்கம் தெலுங்குப் பெயர்கள், மணலியில் வடமாநிலத் தொழிலாளர்களின் பெயர்கள் என்று எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ஆங்கிலப் பெயர்களுக்காக உருவான ஒலி ஒப்பீட்டு முறைகள் இங்கே சரியாக வேலை செய்வதில்லை. நான் பரிந்துரைக்கும் முறை இது: ஆங்கில எழுத்தில் வந்த பெயரைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். பிறகு ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்குங்கள். ர, ற ஒன்று. ந, ன, ண ஒன்று. ச, ஜ, ஸ, ஷ ஒன்று. 'ஹ'வை விட்டுவிடுங்கள். நெடில், குறிலாக. இப்படிச் சுருக்கிய வடிவத்தைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். தமிழ் எழுத்து க, ட, த, ப ஆகியவற்றின் வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டைத் தானாகவே சேர்த்துவிடுவதால் பாதி வேலை எழுத்திலேயே முடிந்துவிடுகிறது. திரையில் காட்டுவதும் அச்சிடுவதும் அவர் சொன்ன எழுத்துக்கூட்டலாகத்தான் இருக்க வேண்டும்.

வயது அடுத்த சிக்கல். "வயசு என்னம்மா?" என்று கேட்டால், "ஒரு அம்பது இருக்கும்பா, போட்டுக்க" என்றுதான் பதில் வரும். பிறந்த தேதி கட்டாயம் என்று மென்பொருள் அடம்பிடித்தால் ஜனவரி 1 என்று விழும். கொஞ்ச நாளில் உங்கள் நோயாளிகளில் பெரும் பகுதியினர் ஜனவரி 1 அன்று பிறந்தவர்களாகிவிடுவார்கள். பிறந்த தேதி தெரியும், பிறந்த ஆண்டு மட்டும் தெரியும், தோராய வயது மட்டும் தெரியும் என்று மூன்று நிலைகளைத் தனித்தனியாகக் குறிக்க இடம் கொடுங்கள். தோராயம் என்றால் சொன்ன தேதியையும் சேமியுங்கள், அப்போதுதான் வயது ஆண்டுதோறும் கூடும்.

செல்போன் எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். ஒரு வீட்டில் ஒரே எண் மாமியார், மருமகள், பேரப்பிள்ளை எல்லோருக்கும் இருக்கும். எண் மாறும், வேறு ஆளிடமும் போகும். பரிசோதனை முடிவை அந்த எண்ணுக்கு அனுப்பும் முன் "இந்த எண் உங்களுடையதா, வீட்டில் எல்லோரும் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பதிவு செய்யும் கட்டம் ஒன்று வேண்டும். முகவரியும் இப்படித்தான். பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவிலக்கம் உண்டு. வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் வேறு பகுதிக்குப் போகும். வடசென்னையிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று போனவர்கள் பழைய டாக்டரிடமே திரும்பி வருவதும் உண்டு. முகவரி மாறியதை வைத்து வேறு ஆள் என்று முடிவு செய்யக் கூடாது.

சரி, எதை அடையாளமாக வைப்பது? உங்கள் அமைப்புக்குள் எந்தப் பொருளும் இல்லாத ஓர் எண்ணை ஒவ்வொருவருக்கும் உருவாக்குங்கள். வெளியிலிருந்து வரும் எண்களை அதனோடு இணைத்துத் தனி அட்டவணையில் வையுங்கள்: தேசிய அளவில் தரும் மருத்துவ அடையாளமான 14 இலக்க ஆபா எண், கர்ப்பிணிகளுக்கு அரசின் மகப்பேறு பதிவுத் தளமான பிக்மியில் தரும் ஆர்.சி.எச். எண், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எண், பழைய லேப் எண். ஒவ்வொன்றுக்கும் யார் கொடுத்தது, எப்போது சரிபார்த்தது என்ற குறிப்பு இருக்கட்டும். ஆபா எண் எடுப்பது ஒருவரின் விருப்பம். அது இல்லாதவரையும் அதே மரியாதையோடு பதிய வேண்டும். ஆதார் எண்ணையோ நகலையோ உங்களிடம் சேமிக்காதீர்கள். தேவையில்லாத ஆபத்து.

பழைய பதிவுகளை ஒப்பிட்டு இணைக்க, ஐவன் ஃபெலெகியும் ஆலன் சன்டரும் 1969-இல் வகுத்த நிகழ்தகவு முறை இன்றும் நல்ல அடித்தளம். பிரிட்டன் நீதி அமைச்சகம் வெளியிட்ட 'ஸ்பிளிங்க்' என்ற திறமூல மென்பொருள் அதைச் செய்கிறது. இரண்டு பதிவும் ஒரே ஆளுடையதா என்பதற்கு அது தரும் மதிப்பெண் மிக அதிகம் என்றால் தானாக இணைக்கலாம். மிகக் குறைவு என்றால் வேறு ஆள். நடுவில் விழுவதை மனிதர்தான் பார்க்க வேண்டும். அந்த நடுப்பகுதியைத் தாராளமாக வையுங்கள். ஒருவருக்கு இரண்டு பதிவு இருப்பது தொல்லை, இருவருக்கு ஒரே பதிவு இருப்பது ஆபத்து. இணைத்ததைப் பிரிக்கவும் வழி இருக்க வேண்டும். ஆகவே பதிவை அழித்துச் சேர்க்காமல், இரண்டையும் சுட்டும் இணைப்பை மட்டும் உருவாக்குங்கள்.

மூன்றாம் படி: இயந்திரத்திலிருந்து நேரடியாக எடுங்கள்

டெக்னீஷியன் அனலைசர் திரையைப் பார்த்து எண்ணைக் கையால் தட்டும் இடத்தில் 1.2 என்பது 12 ஆக ஒரு நொடி போதும். பெரும்பாலான லேப் இயந்திரங்களில் தரவை வெளியே தரும் வசதி உண்டு. பழையவற்றில் ஆர்.எஸ்.232 சீரியல் போர்ட், புதியவற்றில் நெட்வொர்க் கேபிள். பேசும் மொழி ஏ.எஸ்.டி.எம். அல்லது ஹெச்.எல்.7 இரண்டாம் பதிப்பு. இயந்திரம் வாங்கும்போது அதன் இடைமுகக் கையேட்டையும் கேட்டு வாங்கச் சொல்லி லேப் உரிமையாளரிடம் சொல்லிவையுங்கள். பின்னால் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும், தனிக் கட்டணமும் கேட்பார்கள்.

ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி ஒன்றை வைத்து, வரும் செய்தியை முதலில் அங்கேயே எழுதிவைத்துப் பிறகு அனுப்புங்கள். இணையம் இல்லாவிட்டாலும் எதுவும் தொலையாது. வந்த மூலச் செய்தியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் தனியாகச் சேமியுங்கள். உங்கள் மென்பொருள் தப்பாகப் புரிந்துகொண்டது பின்னால் தெரியவந்தால் திரும்பக் கணக்கிட அதுதான் ஒரே வழி. சாம்பிள் குப்பியில் பார்கோடு ஒட்டுவதை ரத்தம் எடுக்கும் நாற்காலியிலேயே, நோயாளி முன்னால் செய்ய வேண்டும். உள்ளே கொண்டுபோய் மொத்தமாக ஒட்டினால் முழு முயற்சியும் வீண்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பல இயந்திரங்களின் கடிகாரம் தப்பாக ஓடும், சிலவற்றில் ஆண்டே தப்பாக இருக்கும். ரத்தம் எடுத்த நேரம், இயந்திரம் சொன்ன நேரம், உங்களுக்கு வந்த நேரம் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். உங்கள் கணினிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைத்துவிடுங்கள். 2022 ஏப்ரலில், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவும் இதைக் கேட்கிறது. பிறந்த தேதியை மட்டும் ஒருபோதும் மணி நேரத்தோடு சேமிக்காதீர்கள். ஜூன் 5 நள்ளிரவு என்று வைத்து உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் ஜூன் 4 மாலை 6.30 ஆகிவிடும். ஒரு நாள் குறைந்த அந்தத் தேதி அடுத்த மருத்துவமனையில் பொருந்தாமல் போகும்.

நான்காம் படி: எண்ணுக்கு அலகும் பெயரும்

டெங்கு காலத்தில் தட்டணு எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு லேப் 1.5 லட்சம் என்று எழுதும், இன்னொன்று 1,50,000 என்று. இயந்திரம் ஆயிரத்தை அலகாகக் கொண்டு 150 என்று அனுப்பும். மூன்றும் ஒன்றே. அலகைச் சேமிக்காத டேட்டாபேஸில் இவை மூன்று வேறு நோயாளிகள் போலத் தெரியும். எச்சரிக்கை மணி தேவையில்லாத இடத்தில் அடிக்கும், தேவையான இடத்தில் அடிக்காது. சர்க்கரையும் அப்படித்தான். நம் ஊரில் மில்லிகிராம் கணக்கில், வெறும் வயிற்றில் 126 என்கிறோம். அதே அளவை மில்லிமோல் கணக்கில் வைத்திருக்கும் இயந்திரம் 7 என்று காட்டும். 18-ஆல் பெருக்க வேண்டும். கிரியாட்டினினுக்குக் காரணி 88.4, ஆனால் அங்கே மைக்ரோமோல் எண்ணை அதனால் வகுக்க வேண்டும். அலகு இல்லாத எண்ணை உள்ளே வர விடாதீர்கள். அலகை ஊகித்து நிரப்பவும் கூடாது.

அடுத்தது பரிசோதனையின் பெயர். ஒரே பரிசோதனையை ஒரு லேப் 'எஃப்.பி.எஸ்.' என்று எழுதும், இன்னொன்று 'சுகர் வெறும் வயிறு' என்று எழுதும், மூன்றாவது 'குளுக்கோஸ்' என்று மட்டும் சொல்லும். இவற்றை, பரிசோதனைகளுக்கான சர்வதேசக் குறியீட்டு முறையான லாயின்க்கோடு பொருத்துங்கள். அது இலவசம். நோய் விவரங்களுக்கு ஸ்னோமெட் சி.டி. என்ற குறியீட்டுத் தொகுப்பு உண்டு. 2014-இல் இந்தியா அதன் உறுப்பு நாடானதால் இங்கே கட்டணமில்லை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான புனே சி-டாக்கில் உள்ள தேசிய மையம் அதை விநியோகிக்கிறது. பொருத்தும் பட்டியலை நிரலாளர் மட்டும் தயாரிக்கக் கூடாது. லேபின் நோய்க்குறியியல் மருத்துவர் ஒவ்வொரு வரியையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆயிரக்கணக்கான குறியீடுகளைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒரு சிறு லேபில் அன்றாடம் செய்யும் பரிசோதனைகள் குறைவுதான், அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இயல்பு வரம்பை முடிவோடு சேர்த்தே சேமியுங்கள். இயந்திரமோ ரசாயனமோ மாறும்போது வரம்பும் மாறும். இன்றைய வரம்பை வைத்துப் போன வருட முடிவுக்குச் சிவப்பு நிறம் பூசினால் நோயாளி வீணாகப் பயப்படுவார்.

ஐந்தாம் படி: எக்ஸ்ரேயும் ஸ்கேனும்

இதில் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். சி.டி. ஸ்கேனின் ஒரு துண்டுப் படம் 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், சுமார் அரை எம்.பி. 400 துண்டு என்றால் 200 எம்.பி. நாளுக்கு 10 பேர் என்றால் 2 ஜி.பி., வருடத்துக்கு 300 வேலை நாளில் 600 ஜி.பி. இத்தனையையும் பகலில், சாதாரண பிராட்பேண்டில் மேலே ஏற்ற நினைத்தால் ரிசப்ஷனில் பில் போடுவதுகூட நின்றுவிடும். உள்ளூரில் ஆர்த்தங்க் போன்ற திறமூல டைகாம் (மருத்துவப் படங்களுக்கான தரம்) சர்வர் வைத்து, இரவில் கிளவுடுக்கு அனுப்புங்கள்.

அல்ட்ராசவுண்ட் படத்தில் நோயாளியின் பெயர் பெரும்பாலும் படத்தின் மேலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். கோப்பின் தலைப்பில் பெயரை நீக்கிவிட்டு அடையாளம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின்படி கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது குற்றம். ஆகவே கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டில் அதற்கான கட்டமோ தேர்வோ எங்கும் இருக்கக் கூடாது. வெளிநாட்டு வார்ப்புருவை அப்படியே இறக்கினால் அது ஒளிந்துகொண்டு வரும். தேடி எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: வெள்ளத்துக்கும் தாக்குதலுக்கும் தயாராக இருங்கள்

கிளவுட் போனாலும் கிளினிக் ஓட வேண்டும். நோயாளியைப் பதிவது, பழைய முடிவைப் பார்ப்பது, மருந்து எழுதுவது, பில் போடுவது ஆகிய நான்கும் இணையமில்லாமல் நடக்க வேண்டும். பதிவு எண்ணை மேலேயிருந்து வரிசையாக வாங்கும் முறை வைத்திருந்தால் அது நடக்காது. ஒவ்வொரு இடத்திலும் மோதாத எண்ணை அங்கேயே உருவாக்குங்கள். இணையம் திரும்பியதும் இரு பக்கமும் மாறியிருந்தால், நிர்வாகத் தகவலில் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளலாம். மருந்திலும் ஒவ்வாமையிலும் அப்படிச் செய்யக் கூடாது. இரண்டையும் காட்டி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். இந்தப் பழைய விதியே போதும், ஆனால் வெளியூர் என்பது உண்மையில் வெளியூராக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அஷூரின் தென்னிந்திய மையம் சென்னையில்தான் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாவது பிரதியை புனேயில் வையுங்கள். அமேசானில் மும்பையும் ஹைதராபாத்தும் உண்டு. ஒரு பிரதியாவது குறிப்பிட்ட காலம் வரை யாராலும், உங்கள் நிர்வாகியாலும்கூட, அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, பல நாட்கள் அங்கே எல்லாம் கையெழுத்தில் நடந்ததை நாடே பார்த்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு நடந்தது கொருக்குப்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமுக்கு நடக்காது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

பேக்கப்பை மீட்டுப் பார்க்காதவரை அதை பேக்கப் என்று சொல்லாதீர்கள். மாதம் ஒருமுறை வேறு கணினியில் மீட்டு, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், முழு ஒத்திகை ஒன்று. கரண்ட் இல்லாத நாளுக்கு அச்சடித்த படிவக் கட்டும் வேண்டும். அந்தப் படிவத்தில் திரையில் உள்ள அதே கட்டங்கள் அதே வரிசையில் இருக்கட்டும். பின்னால் ஏற்றும்போது 'தாளிலிருந்து ஏற்றியது' என்ற குறியோடு, எழுதிய நேரமும் ஏற்றிய நேரமும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும்.

ஏழாம் படி: தேசியக் கட்டமைப்போடு இணையுங்கள்

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கியது. ஆபா எண், மருத்துவமனைப் பதிவேடு, மருத்துவர் பதிவேடு, ஒப்புதல் மேலாளர் ஆகியவை அதன் தூண்கள். பதிவுகள் மையத்தில் குவிவதில்லை. உருவான இடத்திலேயே இருக்கும், நோயாளி ஒப்புக்கொண்டால் கேட்டவருக்குப் போகும். இணைவதற்கு மூன்று கட்டங்கள்: ஆபா உருவாக்கிச் சரிபார்ப்பது, பதிவுகளைத் தருவது, பதிவுகளைப் பெறுவது. சோதனைத் தளத்தில் பழகிவிட்டுப் போகலாம்.

தகவல், மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான ஃபயர் என்ற தரத்தின் நான்காம் பதிப்பில் போகும். உங்கள் டேட்டாபேஸை முழுக்க ஃபயர் வடிவத்தில் கட்ட வேண்டியதில்லை. சாதாரண போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அட்டவணைகளிலிருந்து வெளியே போகும் வாசலில் மட்டும் மாற்றினால் சிறு குழுவுக்குப் போதும். பலர் பி.டி.எஃப். ஒன்றை உள்ளே வைத்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அப்படிப் போகும் ரிப்போர்ட்டை வைத்து அடுத்த டாக்டர் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு கோடுகூட வரைய முடியாது. மூன்றாம், நான்காம் படிகளைச் சரியாகச் செய்திருந்தால் எண்களாகவே அனுப்பலாம்.

எட்டாம் படி: ஒப்புதல், சட்டம், பக்கத்து வீட்டுக்காரர்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. தமிழில் எழுதுங்கள், ரிசப்ஷனில் வாய்விட்டுப் படித்துக்காட்டக்கூடிய அளவுக்குச் சின்னதாக. தெலுங்கு, உருது, இந்தியும் இந்தப் பகுதிக்குத் தேவை.

ஒப்புதலைக் கையெழுத்துப் படமாக மட்டும் வைக்காதீர்கள். எதற்காக, எந்த மொழியில், அறிவிப்பின் எந்தப் பதிப்பில், எப்போது கொடுத்தார், எப்போது திரும்பப் பெற்றார் என்று தேடக்கூடிய தரவாக வையுங்கள். சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதலைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) இதைப் பற்றி 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகளையும் படித்துவிடுங்கள். "என் தரவை அழித்துவிடுங்கள்" என்று ஒருவர் கேட்டால் எல்லாவற்றையும் அழிக்கவும் முடியாது. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தரவும் சொல்கின்றன. காசநோய் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். எதை அழிக்கலாம், எதை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அட்டவணைக்கும் எழுதிவையுங்கள்.

இனி, சட்டப் புத்தகத்தைவிட நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நெருக்கமான தெருக்களில் ரிசப்ஷனில் இருக்கும் பெண் நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். டெக்னீஷியன் சொந்தக்காரராக இருப்பார். இங்கே ரகசியம் கசிவது தொலைதூரத்துத் தாக்குதலால் மட்டும் இல்லை, திறந்து கிடக்கும் திரையாலும்தான். எச்.ஐ.வி. நிலையை ரகசியமாகக் காப்பது 2017 சட்டப்படி கடமை. பதிவு செய்பவருக்குப் பெயரும் டோக்கனும் போதும். பில் போடுபவருக்குக் கட்டணத் தலைப்பு போதும், அந்தத் தலைப்பே நோயைச் சொல்லிவிடாதபடி பொதுப் பெயராக இருக்க வேண்டும். முடிவு டாக்டருக்கும் நோயாளிக்கும். யார், எந்தப் பதிவை, எப்போது திறந்தார் என்ற பதிவேடு கட்டாயம். ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பகிர்ந்தால் அந்தப் பதிவேட்டுக்கு மதிப்பில்லை. ஆகவே ஆள் மாறுவதை இரண்டு நொடியில் முடியும்படி செய்யுங்கள், விரல் ரேகையோ நான்கு இலக்க எண்ணோ. அவசரத்தில் உரிமை இல்லாதவரும் திறக்க வழி வேண்டும். அப்போது காரணம் கேட்டு, மறுநாள் மேலாளர் பார்க்கும்படி குறிக்க வேண்டும்.

மீறல் நடந்தால் செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். யார் போன் செய்வது, யார் எழுதுவது என்பதை இப்போதே தீர்மானித்து அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

ஒன்பதாம் படி: ஆய்வு செய்யும்போது ஊரை மறக்காதீர்கள்

கிளினிக் ஓடும் டேட்டாபேஸில் நேரடியாக ஆய்வுக் கேள்விகளை ஓட்டாதீர்கள். இரவில் தனிப் பிரதி எடுத்து பார்க்கே என்ற சுருக்கிய அட்டவணை வடிவக் கோப்புகளாக வைத்து, டக்டிபி போன்ற இலகுவான ஆய்வுக் கருவியால் ஓட்டினால் ஒரு சாதாரண கணினியே சில லட்சம் பதிவுகளைத் தாங்கும். பெரிய தரவுக் கிடங்குக்கு மாதாமாதம் பணம் கட்டும் அவசியம் இந்த அளவில் வராது.

அடையாளம் நீக்குவதில் கவனம் வேண்டும். பெயரை எடுத்துவிட்டு 600057 என்ற எண்ணூர் அஞ்சல் எண், வயது, பாலினம், அரிதான நோய் ஆகியவற்றை விட்டுவைத்தால் அந்தத் தெருக்காரர் யாரென்று சொல்லிவிடுவார். வயதை ஐந்தாண்டுத் தொகுதியாக்குங்கள், இடத்தை மண்டல அளவுக்குப் பெரிதாக்குங்கள், சிறிய எண்ணிக்கைகளைக் காட்டாதீர்கள்.

முடிவு சொல்வதிலும் நிதானம் வேண்டும். எண்ணூர், மணலியில் அனல்மின் நிலையங்களும் எண்ணெய், ரசாயன ஆலைகளும் இருப்பதால் மூச்சுக்கோளாறு பற்றிய கேள்வி நியாயமானது, அவசியமானதும்கூட. ஆனால் உங்கள் கிளினிக்குக்கு வந்தவர்கள் மட்டுமே உங்கள் தரவில் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனவர்களும் எங்குமே போகாதவர்களும் அதில் இல்லை. அதை வைத்து அந்தப் பகுதியின் நோய் விகிதம் என்று எண் வெளியிடுவது அந்த மக்களுக்கே கெடுதல். முறையான ஆய்வுக்குத் தரவை ஒப்புதலோடு தரும் நிலையில் வைத்திருங்கள், அது பெரிய உதவி.

இன்னொரு உதாரணம். 30 நாள் வராதவரைச் 'சிகிச்சையை விட்டவர்' என்று மென்பொருள் குறிக்கும். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளி கடலுக்குப் போனால் பல நாள் திரும்ப மாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருப்பார். அவருக்கு அடுத்த சந்திப்பைத் தடைக்காலத்தைப் பார்த்து வைக்கவும், கடலுக்குப் போகும்போது கூடுதல் நாளுக்கு மருந்து எழுதவும் டாக்டருக்கு நினைவூட்டும் மென்பொருள்தான் இங்கே பயன்படும். தொழிலைக் குறிக்க ஒரு கட்டமும், நாட்காட்டி ஒன்றும் போதும்.

பத்தாம் படி: வெளியேறும் வழியைத் திறந்து வையுங்கள்

ஒப்பந்தம் போடும் நாளிலேயே, லேபோ கிளினிக்கோ உங்களை விட்டுப் போனால் என்ன கொடுப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். நோயாளிப் பட்டியல், அடையாள எண்கள், அலகோடும் இயல்பு வரம்போடும் கூடிய முடிவுகள், ஒப்புதல் பதிவுகள், இயந்திரத்தின் மூலச் செய்திகள், டைகாம் படங்கள், குறியீட்டுப் பட்டியல், ஒவ்வொரு கட்டமும் என்ன என்று விளக்கும் தமிழ், ஆங்கிலக் குறிப்பு ஆகிய அனைத்தும், கூடுதல் கட்டணமில்லாமல், குறித்த நாளுக்குள். எக்செல்லிலோ சி.எஸ்.வி.யிலோ திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தப் பொதியை உருவாக்கும் நிரலை இப்போதே எழுதி, காலாண்டுக்கு ஒருமுறை ஓட்டி, உங்கள் மென்பொருளைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து அவரால் ஒரு நோயாளியின் கடைசி ஐந்து சர்க்கரை முடிவுகளைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.